காற்றுக்கு ஒரு வாய்ப்பாடு: கோல்ஃப் கிளாஷுக்கு எக்செலில் கணக்கு போட்ட அனுபவம்

கோல்ஃப் கிளாஷ் என்ற கைப்பேசி ஆட்டத்தை ஆடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பழகியிருக்கும். காற்று 9.6 என்று காட்டுகிறது. குறியை எத்தனை வளையம் தள்ளி வைப்பது? நானும் அக்கா பையனும் ஒரு வருடத்துக்கு மேல் இதைக் கண்ணளவிலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம். காற்று வலுத்தால் "ஒரு ஆறு வளையம் வை", லேசாக இருந்தால் "ரெண்டு போதும்". ஒருநாள் பந்து குழியை உரசிக்கொண்டு நிற்கும். மறுநாள் அதே குழி, அதே கிளப் (பந்தை அடிக்கும் மட்டை), மணலில் கிடக்கும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

என் வேலையே கணக்கு. காலையிலிருந்து மாலை வரை எக்செல் முன்னால்தான் இருக்கிறேன். திரையில் எண் எழுதிக் காட்டுகிறது, நாம் அதைக் குத்துமதிப்பாகப் பார்க்கிறோம் என்பது மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் ஒரு ஷீட் போட உட்கார்ந்தேன். மாலை நேரங்களில் மட்டும் செய்ததால் நாலு வாரம் பிடித்தது. எங்கெங்கே தடுக்கினேன், எதைத் தூக்கிப்போட்டேன், கடைசியில் கைக்கு வந்தது என்ன என்பதையெல்லாம் எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குக் கொஞ்ச நாளாவது மிச்சமாகும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிரிட்டனைச் சேர்ந்த பிளேடெமிக் 2017-இல் வெளியிட்ட கைப்பேசி ஆட்டம் இது. 2021-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அந்த நிறுவனத்தை 140 கோடி டாலருக்கு வாங்கியது. இரண்டு பேர் ஒரே குழியை ஆடுவார்கள். குறைந்த அடியில் போட்டவருக்கு வெற்றி. தரையில் வளையம் வளையமாக ஒரு குறி தெரியும். அதை விரலால் நகர்த்தி வைத்துவிட்டு, பந்தைப் பின்னால் இழுத்து, ஆடும் முள் நடுவுக்கு வரும்போது விட வேண்டும். சரியாக விட்டால் 'பெர்ஃபெக்ட்' என்று வரும். காற்றின் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று ஓர் எண்ணாகவும், அதன் திசை ஓர் அம்பாகவும் திரையில் இருக்கும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் குறியை நகர்த்த வேண்டும். எவ்வளவு நகர்த்துவது என்பதுதான் மொத்தக் கணக்கும். கிளப்பும் அதன் லெவலும், அந்த கிளப்பின் எல்லைக்குள் எவ்வளவு தூரத்துக்கு அடிக்கிறோம் என்பது, தரையின் ஏற்ற இறக்கம், பந்தின் காற்றெதிர்ப்பு என்று நாலு விஷயம் அதை முடிவு செய்கின்றன.

இதற்கென்றே ஆயத்தப் பட்டியல்கள் கிடைக்கும். பார்த்தேன், நல்ல பட்டியல்கள்தான். ஆனால் ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், அது தப்பும்போது எதைத் திருத்துவது என்றும் தெரியாது. நாமே அளந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

முதல் வாரம் திசையிலேயே போனது. காற்று குறுக்கே எவ்வளவு, நேராக எவ்வளவு என்று பிரிக்க வேண்டும் என்று நினைத்து சைன், கோசைன் எல்லாம் போட்டேன். அம்பின் திசையைப் பாகையில் சொல்லச் சொன்னால் அக்கா பையனுக்கு வரவில்லை. "மாமா, கடிகாரத்துல சொல்றேனே, பத்தரை மணி பக்கம் காட்டுது" என்றான். நல்ல யோசனை. பந்து போகும் திசை 12 மணி, நம்மைப் பார்த்து அம்பு இருந்தால் 6 மணி. பத்தரை என்பது 315 பாகை. பின்காற்றின் பங்கு 0.71 வர வேண்டும். ஷீட் 0.67 என்று காட்டியது. பக்கத்தில்தானே இருக்கிறது, எங்கோ ஒரு சின்ன தசமப் பிசகு என்று விட்டுவிட்டேன்.

அப்படி விட்டிருக்கக் கூடாது. இரண்டு நாள் கழித்து, முழு எதிர்க்காற்றில் 6 மணி போட்டுப் பார்த்தபோது விடை மைனஸ் 1 வருவதற்குப் பதில் மைனஸ் 0.6 வந்தது. அப்போதுதான் உறைத்தது. எக்செலின் கோசைன் பாகையைப் புரிந்துகொள்ளாது, ரேடியன் என்ற வேறொரு கோண அளவைத்தான் எடுத்துக்கொள்ளும். 315 என்று கொடுத்தால் 315 ரேடியன் என்று எடுத்துக்கொண்டு ஐம்பது முறை சுற்றிவிட்டு எங்கோ நிற்கும். அது நின்ற இடம் தற்செயலாகச் சரியான விடைக்குப் பக்கத்தில் இருந்ததுதான் வினை. ரேடியன்ஸ் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டதும் சரியானது. இப்போதெல்லாம் திசை சம்பந்தமாக எந்த ஷீட் போட்டாலும் முதலில் 12, 3, 6, 9 என்று நாலு பக்கமும் போட்டுப் பார்க்கிறேன். 1, 0, மைனஸ் 1, 0 வராவிட்டால் மேலே போவதில்லை.

அதே கட்டத்தில் இன்னொரு பிழையும் ஒளிந்திருந்தது. பத்தரை என்பதை அவன் 10:30 என்று தட்டினான். ஷீட் அதை மணி நேரமாக எடுத்துக்கொண்டது. எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் நேரம் என்பது ஒரு நாளின் பின்னம். 10:30 என்றால் உள்ளே இருப்பது 0.4375. முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பார்த்தால் அது வசதியாகவே இருந்தது. கடிகாரத்தின் 12 மணி நேரம் ஒரு முழுச் சுற்று, 360 பாகை. ஒரு நாளில் அது இரண்டு சுற்று, 720. ஆக 0.4375-ஐ 720-ஆல் பெருக்கினால் நேராக 315. அருமை என்று ஃபார்முலாவை அப்படியே வைத்துவிட்டேன்.

மறுநாள் ஆட்டத்தில் எதிர்க்காற்று, பின்காற்று, பக்கக்காற்று எதைப் போட்டாலும் ஷீட் 'முழுப் பின்காற்று' என்றே சொன்னது. காரணம் எளியது. சரியாக ஆறு மணி என்றால் யாரும் 6:00 என்று தட்ட மாட்டார்கள்; வெறும் 6 என்றுதான் தட்டுவார்கள். 6-ஐ 720-ஆல் பெருக்கினால் 4320, அதாவது மிகச் சரியாகப் பன்னிரண்டு சுற்று. எந்த முழு எண்ணைப் போட்டாலும் அது 360-இன் மடங்காகத்தான் வரும். கோசைன் ஒவ்வொரு முறையும் 1 என்றே சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது. 1-க்குக் குறைவான எண் என்றால் 720-ஆல் பெருக்கு, 1-உம் அதற்கு மேலும் என்றால் 30-ஆல் பெருக்கு என்று ஓர் இஃப் போட்டேன். 10:30-உம் சரி, 6-உம் சரி, 10.5 என்று தட்டினாலும் சரி.

இவ்வளவு பாடுபட்ட பிறகுதான் ஒன்று தெரிந்தது. குறியை நகர்த்துவதற்கு இந்தப் பிரிப்பே தேவையில்லை. அம்புக்கு நேர் எதிராக வளையங்களை எண்ணி இழுத்தால் திசை தானாகவே கணக்கில் வந்துவிடுகிறது. கோணத்தை விரலே பார்த்துக்கொள்கிறது. எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதும். ஆனாலும் கோசைனை முழுக்க அழிக்கவில்லை. எதிர்க்காற்றில் குறியை முன்னால் தள்ள வேண்டும் அல்லவா, கிளப்பின் எல்லை முடியும் இடத்தில் குறி இருந்தால் தள்ள இடம் இருக்காது. மொத்த வளையங்களில் எத்தனை வளையம் நேர் முன்னால் போகிறது என்று தெரிந்தால், இந்த கிளப் போதுமா, அடுத்ததை எடுக்க வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

அடுத்தது அளவெடுப்பு. என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிரே இதுதான். நண்பர் ஆட்டத்தில் நானும் அவனும் எதிரெதிரே ஆடினோம். ஜெயிப்பதற்காக ஆடவில்லை, அளப்பதற்காகவே ஆடினோம். திரையைப் பதிவு செய்தோம். குறி வைத்த கணத்தில் ஒரு படம், பந்து தரையைத் தொட்ட கணத்தில் ஒரு படம். மணல்குழியின் ஓரம், புல் நிறம் மாறும் கோடு மாதிரி அசையாத ஏதாவது ஒன்றை இரண்டு படத்திலும் பிடித்துக்கொண்டு, பந்து எத்தனை வளையம் தள்ளிப் போயிருக்கிறது என்று எண்ணி எழுதினோம். வேண்டுமென்றே காற்றுக்கு ஈடு கொடுக்காமல் குறியை நடுவிலேயே வைத்து அடித்தோம். அப்போதுதான் காற்றின் முழுத் தள்ளலும் தெரியும். எக்ஸ்ட்ரா மைல் என்ற டிரைவரில் (தூர அடிக்கான கிளப்) மட்டும் 24 அடி.

எழுதிய எண்களை ஸ்லோப், இன்டர்செப்ட் இரண்டிலும் போட்டேன். எண்களுக்கு ஊடே ஒரு நேர்கோடு போட்டு, அதன் சாய்வையும், காற்று பூஜ்யமாக இருக்கும்போது அது நிற்கும் இடத்தையும் தரும் ஃபங்ஷன்கள் அவை. மைலுக்கு 0.57 வளையம், கூட ஒரு 0.6 வளையம் என்று வந்தது. அந்த 0.6-தான் இடித்தது. காற்றே இல்லாதபோதும் பந்து அரை வளையத்துக்கு மேல் நகர்கிறது என்று அதற்கு அர்த்தம். காற்றில்லாமல் பந்தைத் தள்ளுவது யார்?

நோட்டைத் திரும்பப் புரட்டினேன். பந்து குறியிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்று தூரத்தை மட்டும் எழுதியிருந்தோம். எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. 9 மைல் காற்றில் இது தெரியாது. காற்று தள்ளியதே பெரிய தூரம். 1 மைல், 2 மைல் காற்றில், முள் ஒரு மயிரிழை பிசகி பந்து வலப்பக்கம் போனாலும், இடப்பக்கம் போனாலும், குட்டையாக விழுந்தாலும் எல்லாமே கூட்டல் எண்ணாகவே நோட்டில் ஏறியிருந்தது. கைப்பிசகு முழுவதும் காற்றின் கணக்கில் சேர்ந்துவிட்டது. கடைக் கணக்கில் வரவையும் செலவையும் ஒரே பத்தியில் கூட்டினால் என்ன ஆகுமோ அதேதான்.

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை காற்று போகும் பக்கம் நகர்ந்தால் கூட்டல், எதிர்ப்பக்கம் நகர்ந்தால் கழித்தல், பக்கவாட்டு விலகல் கணக்கில் இல்லை. 'பெர்ஃபெக்ட்' வராத அடிகளையும் தள்ளிவிட்டேன். 24-இல் மிஞ்சியது 17. காற்று பூஜ்யம் என்றால் நகர்வும் பூஜ்யம்தான் என்று நமக்கே தெரியும். அதனால் கோட்டைப் பூஜ்யத்தின் வழியாகவே போகச் செய்தேன். இதே மாதிரி கோடு போடும் லைன்எஸ்ட் ஃபங்ஷனில் மூன்றாவது இடத்தில் ஃபால்ஸ் என்று கொடுத்தால் அப்படிச் செய்யும். அதில்லாமலும் செய்யலாம்: காற்றையும் நகர்வையும் பெருக்கிக் கூட்டிய தொகையை, காற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். மைலுக்கு 0.625 வளையம் வந்தது. திருப்பிச் சொன்னால் வளையம் ஒன்றுக்கு 1.6 மைல்.

பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு வருடத்துக் குழப்பம் விலகியது. 9.6 மைல் காற்றுக்குப் பழையது 6.07 என்கிறது, புதியது 6. வித்தியாசமே இல்லை. 2 மைல் காற்றுக்குப் பழையது 1.74, புதியது 1.25. அரை வளையம் இடிக்கிறது. பலத்த காற்றில் நன்றாக ஆடிவிட்டு லேசான காற்றில் நாங்கள் கோட்டைவிட்டது இதனால்தான். "ரெண்டு போதும்" என்று வாயில் வந்த கணக்கிலும் இதே பிசகுதான் ஊறியிருந்தது. ஆடிக்காற்றுக்குப் பயந்து குறி வைத்தவர்கள் இளங்காற்றைச் சட்டை செய்யவில்லை.

நிஜ கோல்ஃபில் இன்னொரு சிக்கல் உண்டு. எதிர்க்காற்று பந்தின் தூரத்தில் குறைக்கும் அளவு, அதே வேகத்துப் பின்காற்று கூட்டும் அளவைவிடப் பெரியது. நிஜப் பந்து அதிகபட்சம் 45.93 கிராம், விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர்; சுழன்றுகொண்டே பறக்கும் அந்தச் சின்ன உருண்டையை எதிர்க்காற்று மேலே தூக்கி நிறுத்திவிடும். ஆட்டத்திலும் அப்படி இருக்குமோ என்று எதிர்க்காற்று அடிகளையும் பின்காற்று அடிகளையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். எங்கள் அளவில் கால் வளையத்துக்கு மேல் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் எல்லாத் திசைக்கும் ஒரே எண் போதும் என்று விட்டேன்.

தூரமும் ஏற்ற இறக்கமும் சதவீதமாக வருகின்றன. கிளப்பின் முழு தூரத்துக்கு அடித்தால் பந்து அதிக நேரம் காற்றில் இருக்கும், தள்ளலும் முழுசாக இருக்கும். கிட்டே அடித்தால் குறையும். பள்ளத்தில் விழும் பந்து கூடுதல் நேரம் பறக்கிறது, அதனால் தள்ளல் கூடும்; மேட்டில் குறையும். ஒவ்வொரு குழிக்கும் அடித்துப் பார்த்து நாங்களே ஒரு சதவீதம் எழுதிவைத்தோம்.

அக்கா பையன் இந்தச் சதவீதங்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். கிட்ட தூரத்துக்கு 30 சதவீதம் குறை, பள்ளத்துக்கு 25 கூட்டு, ஆக 5 சதவீதம் குறை, 6 வளையத்துக்கு 5.7. நான் பெருக்கச் சொன்னேன். 0.7-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 0.875, 6 வளையத்துக்கு 5.25.

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா?"

"குறைச்சது போக மிச்சத்துலதாண்டா கூட்டணும். தள்ளுபடி போட்ட விலைக்குத்தானே வரி போடுறாங்க?"

அதற்கப்புறம் அவன் மறக்கவில்லை. சதவீதம் சின்னதாக இருக்கும்வரை இரண்டு வழியும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். கிட்ட தூரமும் பெரிய பள்ளமும் சேரும் குழியில்தான் இந்த அரை வளையம் வெளியே வரும். அப்படி ஒரு குழியில் மூன்று தடவை ஒரே பக்கம் தப்பியதை வைத்துத்தான் அவன் கணக்கையே நான் கண்டுபிடித்தேன். பந்தின் காற்றெதிர்ப்பும் இதே மாதிரி இன்னொரு பெருக்கல், அவ்வளவுதான்.

எல்லாம் சேர்த்து இப்படி ஓடும். காற்று 9.6, 1.6-ஆல் வகுத்தால் 6. கிளப்பின் முக்கால் தூரம், அதற்கு 0.9, 5.4. இறக்கம் 10 சதவீதம், 5.94. கடைசியில் எம்ரவுண்ட் போட்டுக் கால் வளையத்துக்கு முழுமையாக்கினால் 6. விரலால் கால் வளையத்துக்குக் கீழே நகர்த்த முடியாது. விரல் செய்ய முடியாததை ஷீட் சொல்லி என்ன பயன்? இரண்டு தசமம் காட்டிக்கொண்டிருந்த கட்டத்தை அன்றே மறைத்துவிட்டேன்.

இன்னொரு பிழையைச் சொல்லியே ஆக வேண்டும், அலுவலகத்தில் எக்செல் தொடுகிற எல்லாருக்கும் இது ஒருநாள் வரும். எக்ஸ்ட்ரா மைல் 5-ஆம் லெவலிலிருந்து 6-க்கு ஏறியது. கிளப் பட்டியலில் கடைசி வரிசைக்குக் கீழே புது வரிசை சேர்த்தேன். அன்று இரவு இரண்டு ஆட்டம் தோற்றோம். ஷீட் சொன்ன வளையம் ஏதோ ஷார்ட் அயர்னுக்கு (கிட்ட தூரத்துக்கான கிளப்) உரியது மாதிரி இருந்தது. அப்படியேதான், பட்டியலில் பெயரைத் தேடி எண்ணை எடுக்கும் வீலுக்அப் கொடுத்தது வேறொரு கிளப்பின் எண். கடைசி இடத்தில் ஃபால்ஸ் கொடுக்காமல் விட்டிருந்தேன். அப்படி விட்டால், பட்டியல் அகரவரிசையில் இருக்கிறது என்று தானாகவே எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்டப் பொருந்தும் வரிசையைத் தரும். வரிசை கலைந்தால் எதையாவது தரும். ஃபால்ஸ் போட்டதும் சரியானது. பொருந்தாத பெயருக்குப் பிழை காட்டினால் காட்டட்டும் என்று இஃப்எரர் போட்டு மூடவில்லை. தப்பான எண்ணைவிடப் பிழை காட்டும் கட்டம் மேல்.

ஷீட் சரியாக வந்த பிறகும் ஆட்டத்தில் உதவவில்லை. அடிப்பதற்கு ஆட்டம் கொடுக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு போனில் கிளப்பைத் தேர்ந்து, காற்றைத் தட்டி, திசையைத் தட்டி விடை பார்ப்பதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அவசரத்தில் இழுத்தால் முள் பிசகும். கணக்கு சரி, அடி தப்பு.

அப்போதுதான் வாய்ப்பாடு நினைவுக்கு வந்தது. ஷீட்டை ஆட்டத்தின் நடுவே திறக்காமல், முன்கூட்டியே எல்லா விடையையும் போட்டு அச்சடித்துவிட்டால்? கிளப்புக்கு ஒரு பக்கம். இடப்பக்கம் காற்று, 1-இலிருந்து 15 வரை அரை அரை மைலாக 29 வரிசை. மேலே தூரம், நடு, கிட்ட என்று மூன்று பத்தி. கட்டத்தில் வளையம். ஏற்ற இறக்கம் பட்டியலில் இல்லை. குழிக்குரிய சதவீதத்தை அவன் மனக்கணக்காகச் சேர்த்துக்கொள்கிறான், ஒரு பெருக்கல்தானே. அச்சுத்தாளை லேமினேட் செய்து மேசையில் வைத்தோம். மூன்று வாரத்தில் எக்ஸ்ட்ரா மைல் பக்கத்தை அவன் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். "எட்டு காத்து, தூரம், அஞ்சு வளையம்" என்று பதினாறாம் வாய்ப்பாடு மாதிரி வாயிலேயே வருகிறது. லெவல் ஏறினால் ஷீட்டில் ஒரே ஓர் எண்ணை மாற்றி மறுபடி அச்சடிக்கிறோம்.

இப்படிக் கணக்கு போட்டு ஆடுவது முறையா என்று ஒரு நண்பர் கேட்டார். நிஜ கோல்ஃபில் இதற்கு விதி உண்டு. 2019-இல் நடைமுறைக்கு வந்த விதிகளில் 4.3, தூரத்தைக் கருவி வைத்து அளக்கலாம் என்கிறது. மைதானத்தில் காற்றின் வேகத்தைக் கருவியால் அளப்பதும், கைக்குட்டையோ பொடியோ பிடித்துக் காற்று பார்ப்பதும் கூடாது என்கிறது. காற்றை உடம்பால் உணர்வது அங்கே ஆட்டக்காரரின் திறமையில் ஒரு பங்கு, அதனால் அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன். இந்த ஆட்டத்தில் காற்றை எண்ணாக எழுதி இருவருக்கும் காட்டிவிடுகிறார்கள். கொடுத்த எண்ணைப் பெருக்கி வகுப்பதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. முள்ளை நடுவில் நிறுத்துவது இன்னும் கட்டைவிரலின் வேலைதான். எந்த ஷீட்டும் அதைச் செய்து தராது.

பந்தை வளைத்து அடிக்கும் கர்ல் இன்னும் கணக்குக்குள் வரவில்லை. வளைவும் காற்றும் சேரும்போது பந்து எங்கே போகிறது என்று அளக்க, முதலில் வளைவை மட்டும் தனியாக அளக்க வேண்டும்; அதற்குக் காற்று ஒரு மைலுக்குக் கீழே இருக்கும் அடிகள் நிறைய வேண்டும். இதுவரை நோட்டில் ஒன்பது சேர்ந்திருக்கிறது. அவனுக்குத் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.